வீடு சேர்ந்த எழுத்து

இராசபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் பெருவழியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் சிவகிரி என்னும் ஊர் உள்ளது. மேற்கே வானளாவி நிற்கும் மலை. சுற்றிலும் நெல்லும் கரும்பும் விளையும் வயல்கள். சிறு குன்றின்மேல் முருகப்பெருமான் கோயில். மலையில் பெய்யும் மழை குளங்களை நிரப்பும். குளங்கள் வயல்களை வளர்க்கும். உழவே இவ்வூரின் பழந்தொழில்.

ஆயினும் இந்நிலப்பகுதியில் பிறந்தோர் அனைவரும் இன்று இங்கேயே தங்கிவிடுவதில்லை. சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி முதலிய ஊர்களிலிருந்து இளைஞர் பலர் பொருள் தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்கின்றனர். கடல் கடந்து துபாய்க்கும் சவூதி அரேபியாவுக்கும் செல்வாரும் உளர். பொருள்வயிற் பிரிவு என்று பழைய இலக்கணம் வகுத்த பிரிவு இன்றும் முடிந்தபாடில்லை.

சிவகிரியில் ஒரு வீட்டுத் திண்ணையை மனக்கண்ணால் காணலாம். காலை எட்டு மணி. முற்றத்தில் தெளித்த நீர் இன்னும் உலரவில்லை. மூதாட்டி ஒருத்தி திண்ணையில் அமர்ந்திருக்கிறாள். அருகிலிருந்த கைப்பேசி சிறிதாக ஒலிக்கிறது. துபாயில் அப்போது மணி ஆறரைதான்; வேலைக்குப் புறப்படுமுன் மகன் நான்கு சொல் எழுதியிருக்கிறான். மூதாட்டி சேலைத் தலைப்பால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறாள். எழுத்துக் கூட்டி மெல்லப் படிக்கிறாள்: “அம்மா, நான் நலமாக இருக்கிறேன். மாத்திரையை மறந்துவிடாதீர்கள்.” அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு, ஆங்கிலம் அறியாள். ஆயினும் அச்செய்தியைப் படித்துச் சொல்லும்படி அவள் பிறர் யாரையும் அழைக்கவில்லை. மகன் தாய்க்கு எழுதியதைத் தாயே படித்தாள்.

இஃது இன்று நாள்தோறும் நிகழும் எளிய நிகழ்ச்சி. எளிதாக நிகழ்வதனால் இதன் அருமை தெரிவதில்லை. தமிழ் எழுத்து இவ்வாறு கடல் கடந்து, சிதையாமல் வீடு வந்து சேர்வதற்கு அறிஞர் பலர் ஆண்டுக் கணக்கில் உழைத்தனர். அவர்களுள் ஒருவர் அதிராம்பட்டினம் உமர்தம்பி.

அதிராம்பட்டினம் தஞ்சாவூர் மாவட்டத்தில், பட்டுக்கோட்டைக்கு அருகே கடற்கரையில் உள்ள ஊர். தென்னந்தோப்புகளும் உப்பளங்களும் மிகுந்தது. இவ்வூரின் பெயருக்கும் தென்காசிக்கும் ஓர் உறவு உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் தென்காசியிலிருந்து ஆட்சி புரிந்த அதிவீரராம பாண்டியன் பெயரால் வழங்கிய பட்டினமே நாளடைவில் அதிராம்பட்டினம் ஆயிற்று என்பர். அப்பாண்டியன் முடி மன்னன் மட்டும் அல்லன். பெரும் புலவனும் ஆவான். ‘நைடதம்’ பாடியவன் அவன். சிறுவர் கற்கும் ‘வெற்றி வேற்கை’ என்னும் நீதிநூலும் அவன் இயற்றியதே. எழுத்தைக் கற்பித்தவரை இறைவனுக்கு நிகராக வைத்துப் போற்றுவது அந்நூல். அம்மன்னன் பெயர் தாங்கிய ஊரில், கணினிக்குத் தமிழ் எழுத்தைக் கற்பித்த ஒருவர் தோன்றியது பொருத்தமே அன்றோ?

உமர்தம்பி 1953-ஆம் ஆண்டு சூன் 15-ஆம் நாள் பிறந்தார். சொந்த ஊரிலேயே கல்லூரியில் அறிவியல் பயின்றார். மின்னணுக் கருவிகளில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. வானொலி, தொலைக்காட்சி முதலியவற்றின் உள்ளமைப்பை ஆராய்ந்து பழுது நீக்கும் திறமை பெற்றார். மனைவியும் மக்களும் உடைய இல்லறத்தாராக வாழ்ந்தார்.

தஞ்சைக் கடற்கரையிலும் நெல்லைச் சீமையிலும் உள்ள ஊர்களிலிருந்து பலர் இல்லற நலம் கருதி வளைகுடா நாடுகளுக்குச் சென்று கொண்டிருந்த காலம் அது. உமர்தம்பியும் 1980களில் துபாய்க்குச் சென்றார். அங்கு ஒரு பெரிய நிறுவனத்தில் மின்னணுக் கருவிகளைப் பழுது பார்க்கும் தொழில் வல்லுநராகப் பணியில் சேர்ந்தார். பின்னர்க் கணினி பரவத் தொடங்கிய காலத்தில், அதனைத் தம் முயற்சியால் கற்றுக் கணினித் துறைக்கே மாறினார். கைத்தொழிலாகத் தொடங்கியது அறிவுத் தொழிலாக வளர்ந்தது. அயல்நாட்டில் அவர் பணியாற்றிய காலம் ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள்.

அந்நாளில் வளைகுடா நாடுகளில் இருந்தோர்க்கும் ஊரில் இருந்தோர்க்கும் இடையே உறவைக் காத்தது அஞ்சலே ஆகும். கடிதம் வந்து சேரப் பல நாள் ஆகும். தொலைபேசிக் கட்டணமோ மிக உயர்வு. பேசும் ஒவ்வொரு நொடிக்கும் மனம் கணக்குப் பார்க்கும். ஆதலின் சிலர் தம் குரலை ஒலிநாடாவில் பதிந்து, ஊருக்குப் புறப்படும் நண்பரிடம் கொடுத்தனுப்புவர். வீட்டார் அனைவரும் கூடி அமர்ந்து அதனைக் கேட்பர்; கேட்டு மகிழ்வர்; கேட்டுக் கண்கலங்குவர்.

1990களில் மின்னஞ்சல் வந்தது. நாள் கணக்கில் சென்ற கடிதம் நொடிக் கணக்கில் சென்றது. ஆனால் அதில் தமிழுக்கு இடம் எளிதில் கிடைக்கவில்லை. தமிழர் பலர் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளால் எழுதினர். அதனால் விளைந்த குழப்பம் சிறிதன்று. ‘வலி’, ‘வளி’, ‘வழி’ என்னும் மூன்று சொற்களும் ஆங்கில எழுத்தில் ஒரே வடிவம் பெற்றுவிடுவதும் உண்டு. “வழி தெரிகிறது” என்று மகன் ஆறுதலாக எழுதியது, “வலி தெரிகிறது” எனப் படிக்கப்பட்டால் தாயின் நெஞ்சம் என்ன பாடுபடும்? ஆங்கிலம் அறியாத தாயாயின் அக்குழப்பத்திற்கும் இடமில்லை. அவளால் அக்கடிதத்தைப் படிக்கவே இயலாது. தாய்க்கு மகன் எழுதும் கடிதம் மூன்றாமவர் ஒருவர் வாய்வழியாகவே அவளுக்குச் சேரும். சொல்ல எண்ணியது பாதி, சொல்ல முடியாமல் நின்றது பாதி என்ற நிலையே அங்கு விளையும்.

தமிழ் எழுத்திலேயே எழுதினால் ஆகாதோ எனக் கேட்கலாம். எழுதினர், ஆயினும் புதியதோர் இடையூறு தோன்றியது. அதனை அறிதற்குக் கணினியின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அவ்வெண்ணைக் கண்டதும் இன்ன வடிவத்தைத் திரையில் காட்டுக என்று நாம் அதற்குக் கற்பிக்கிறோம். எழுத்துகளின் வடிவங்களைத் தொகுத்து வைத்த கோப்புக்கு எழுத்துரு என்று பெயர். தமிழ் எழுத்துருக்களை உருவாக்கியவர்கள் தொடக்கத்தில் தத்தம் விருப்பப்படி எண்களை அமைத்துக்கொண்டனர். ஒருவர் ‘அ’ என்பதற்குக் கொடுத்த எண்ணை வேறொருவர் வேறோர் எழுத்துக்குக் கொடுத்திருந்தார். ஆகவே ஒரு கணினியில் ‘அன்புள்ள அம்மாவுக்கு’ என்று எழுதி அனுப்பினால், வேறு எழுத்துரு உள்ள கணினியில் அது பொருளற்ற கோடுகளும் புள்ளிகளுமாகத் தோன்றியது. கடிதம் வந்து சேர்ந்தது. எழுத்து வந்து சேரவில்லை.

இவ்விடையூற்றை நீக்க உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர் முயன்றனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டிலேயே ‘முரசு அஞ்சல்’ என்னும் மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் ஆசிரியராக விளங்கிய நா. கோவிந்தசாமி 1999-இல் தாம் மறையும் வரை இணையத்தில் தமிழுக்கு இடம் தேடி உழைத்தார். சுவிட்சர்லாந்தில் வாழும் அறிவியலறிஞர் கு. கல்யாணசுந்தரம் 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கித் தமிழ் நூல்களை உலகெங்கும் விலையின்றிக் கிடைக்கச் செய்தார். இவர்களுக்கிடையே நாடு வேறு, தொழில் வேறு, மொழி ஒன்று.

இதற்கிடையே உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான ஓர் எண்முறை 1991-இல் வெளிவந்தது. யூனிகோடு என்பது அதன் பெயர். ஒருங்குறி என்று தமிழில் வழங்குகிறோம். உலகின் எந்த எழுத்துக்கும் தனக்கே உரிய ஓர் எண் உண்டு. அவ்வெண்ணை வேறோர் எழுத்து கொள்ளாது என்பது அதன் அடிப்படை. ஒருங்குறியில் ‘அ’ என்பதற்கு உரிய எண் 2949. ‘க’ என்பதற்கு உரிய எண் 2965. சிவகிரியிலும் சிங்கப்பூரிலும் அது மாறாது. தமிழுக்கு மொத்தம் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன.

முறை வகுக்கப்பட்டதேயன்றி, வழக்கில் உடனே பரவவில்லை. பழைய கணினிகள் பலவற்றில் ஒருங்குறித் தமிழைக் காட்டும் எழுத்துரு இல்லை. எழுத்துருவைத் தேடிப் பெற்றுக் கணினியில் பதிக்கும் வகையைப் பொதுமக்களுள் பலர் அறியார். பழைய எழுத்துருக்களில் எழுதிக் குவித்தவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளும் வேண்டியிருந்தன. அறிஞர் வகுத்த முறைக்கும் வீட்டில் இருப்பவர் கைக்கும் இடையே ஒரு பள்ளம் இருந்தது. அப்பள்ளத்திற்குப் பாலம் அமைக்கும் பணியை உமர்தம்பி மேற்கொண்டார்.

அவர் உருவாக்கியவற்றுள் புகழ் பெற்றது ‘தேனீ’ என்னும் எழுத்துரு. இஃது இயங்கு எழுத்துரு எனப்படும் வகையைச் சார்ந்தது. விருந்தினர் ஒருவர் இருண்ட வீட்டிற்கு வரும்போது தம் கையிலேயே விளக்கும் கொண்டு வந்தால் எவ்வாறு இருக்கும்? அதனைப் போன்றதே இது. இணையப் பக்கம் ஒன்றைத் திறக்கும்போது அப்பக்கத்துடன் எழுத்துருவும் சேர்ந்தே வந்துவிடும். படிப்பவர் தம் கணினியில் முன்னரே எழுத்துருவைப் பதித்திருக்க வேண்டுவதில்லை. திறந்தார், தமிழைக் கண்டார். அவ்வளவே.

ஒலிப்பு முறையில் தமிழை எழுதும் கருவி ஒன்றையும் அவர் அமைத்தார். தமிழ்த் தட்டச்சுப் பயிலாதவரும் ஆங்கில விசைகளைத் தட்டி, ‘அம்மா’ என்று தமிழ் எழுத்திலேயே எழுத அது துணை செய்தது. பழைய எழுத்துகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவியையும் ஆக்கினார். ஒருங்குறியின் இயல்பை விளக்கி எளிய தமிழில் கட்டுரைகள் எழுதினார்.

இக்கருவிகளை அவர் விற்றிருக்கலாம். அதற்குரிய தேவையும் இருந்தது, வாங்குவாரும் இருந்தனர். அயல்நாட்டில் உழைத்துப் பொருள் ஈட்டிய ஒருவர், பொருளின் அருமையை அறியாதவர் அல்லர். ஆயினும் தாம் செய்தவற்றை விலை பெறாமல் யாவர்க்கும் வழங்கினார். தாய்மொழி எழுத்தைப் பயன்படுத்துதற்கு ஒருவன் காசு கொடுக்க வேண்டுமோ என்னும் கேள்விக்கு அவர் செயலே விடையாக நின்றது.

புது நூற்றாண்டின் தொடக்கத்தில் உமர்தம்பி பணியிலிருந்து தாமாகவே ஓய்வு பெற்று அதிராம்பட்டினத்திற்குத் திரும்பினார். அப்போது அவருக்கு ஐம்பது வயதுகூட நிறையவில்லை. மேலும் பல ஆண்டுகள் அயல்நாட்டில் இருந்து பொருள் சேர்க்கத்தக்க பருவம் அது. பலர் இந்நிலையில், ‘இன்னும் ஓராண்டு, இன்னும் ஓராண்டு’ என்று நாளைக் கடத்துவர். வீட்டின் பொருட்டு வெளியே சென்றவர் வீட்டையே மறந்து வெளியில் தங்கிவிடுவதும் உண்டு. சென்றதன் நோக்கத்தை நினைவில் வைத்து உரிய காலத்தில் திரும்புதல் ஓர் அரிய அறிவு. அவ்வறிவு உமர்தம்பியிடம் இருந்தது.

ஊர் திரும்பிய பின்னும் அவர் சோம்பி இருக்கவில்லை. தொழிலின் வாயிலாகப் பெற்ற அறிவைத் தமிழுக்குச் செலவிட்டார். தமிழில் கணினியைப் பயன்படுத்த விரும்பி ஐயம் கேட்டோர்க்கு விளக்கம் தந்தார். எந்த ஊரிலிருந்து பொருள் தேடிச் சென்றாரோ, அந்த ஊரிலிருந்தே உலகத் தமிழர்க்குத் தம் கருவிகளை அனுப்பினார். கடலுக்கு அப்பால் வேலை செய்து வீட்டிற்குப் பொருள் அனுப்பியது ஒரு காலம். வீட்டில் அமர்ந்து கடலுக்கு அப்பால் எழுத்தை அனுப்பியது பிறிதொரு காலம்.

இந்நற்பணி நீண்ட நாள் நடைபெறவில்லை. 2006-ஆம் ஆண்டு சூலை 12-ஆம் நாள் உமர்தம்பி மறைந்தார். அப்போது அவருக்கு வயது 53. ஊர் திரும்பியபின் அவருக்குக் கிடைத்த ஆண்டுகள் மிகச் சிலவே. ‘இன்னும் ஓராண்டு’ என்று அவரும் நாளைக் கடத்தியிருந்தால், அச்சில ஆண்டுகளும் வீட்டாருக்குக் கிடைத்திரா, தமிழுக்கும் கிடைத்திரா.

2010-ஆம் ஆண்டு சூன் 23 முதல் 27 வரை கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றது. அதனுடன் தமிழ் இணைய மாநாடும் சேர்ந்து நிகழ்ந்தது. அங்கு அமைந்த அரங்கு ஒன்றுக்கு உமர்தம்பியின் பெயர் சூட்டப்பட்டது. தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தன் அலுவல்களுக்குரிய முறையாக ஏற்று ஆணை பிறப்பித்ததும் அந்நாளிலேயே ஆகும். எந்த முறை மக்களிடம் பரவ வேண்டும் என்று அவர் உழைத்தாரோ, அம்முறையை அரசும் ஏற்றுக்கொண்டது. அதனைக் காண அவர் இல்லை.

காலம் விரைந்து செல்கிறது. இன்று கைப்பேசியை வாங்கும்போதே அதனுள் தமிழ் எழுத்து அமைந்திருக்கிறது. இயங்கு எழுத்துருக்களின் தேவை முன்போல் இல்லை. ஆற்றின்மேல் கற்பாலம் எழுந்தபின் பழைய மரப்பாலத்தை மக்கள் மறந்துவிடுவர். ஆனால் கற்பாலம் எழும்வரை மக்களைக் கரை சேர்த்தது மரப்பாலமே. அதனைக் கட்டியவரின் உழைப்பை மறத்தல் நன்றன்று.

உமர்தம்பியின் வாழ்வில் கற்கத்தக்கது யாது? குடும்பப் பற்று ஒருவனைத் தன்னலத்தில் கட்டிப்போடும் என்பார் உளர். தன் மனைவி, தன் மக்கள், தன் வீடு என்னும் எண்ணம் மிகுந்தவன் ஊருக்கு உதவான் என்று கூறுவதும் உண்டு. இல்வாழ்வானைப் பலருக்கும் துணையாக வைத்துப் பேசிய வள்ளுவர் கருத்து அதுவன்று. தன் வீட்டாரை உண்மையாக நேசிப்பவனுக்கே பிறர் வீட்டின் ஏக்கமும் புரியும். ஒரு தாய் தன் மகன் கடிதத்திற்காகக் காத்திருப்பது எத்தகையது என்பதைக் கடல் கடந்து சென்றவன் அறிவான். தன் வீட்டிற்கு உழைத்துப் பழகிய கைகளே ஊருக்கும் உழைக்க வல்லவை.

உமர்தம்பி பெரும்பதவி வகித்தவர் அல்லர்; பெருஞ்செல்வம் படைத்தவரும் அல்லர். கருவிகளைப் பழுது பார்க்கும் தொழிலில் தொடங்கி, கணினி கற்று, குடும்பத்தைக் காத்து, உரிய நாளில் ஊர் திரும்பி, தாம் அறிந்ததைப் பிறர்க்கு விலையின்றி வழங்கியவர். இவற்றுள் ஒன்றேனும் எளியவர் ஒருவரால் செய்ய இயலாதது அன்று. அதனாலேயே அவ்வாழ்வு மாணவர் மனத்தில் பதியத்தக்கது.

சிவகிரித் திண்ணையில் வெயில் ஏறுகிறது. மூதாட்டி மகனுடைய செய்தியை இரண்டாம் முறையும் படித்துவிட்டாள். மாத்திரையும் உண்டாயிற்று. அவள் உமர்தம்பி என்னும் பெயரைக் கேள்வியுற்றவள் அல்லள். ஒருங்குறி என்னும் சொல்லையும் அறியாள். கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தொடுகிறாள். ‘ழ’ எங்கே, ‘ள’ எங்கே என்று பார்த்து, தவறியதை அழித்து, மீண்டும் எழுதுகிறாள். சிறிது நேரம் ஆகிறது. துபாயில் பேருந்துக்குக் காத்து நிற்கும் மகனுடைய கையில் அச்செய்தி ஒளிர்கிறது:

“சாப்பிட்டேன் ராசா. நீ நேரத்துக்குச் சாப்பிடு. மழை வருது, வழி பார்த்துப் போ.”

‘வழி’ என்னும் சொல்லில் ‘ழ’ சரியாகவே இருக்கிறது.